சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு நாயை விமானத்தில் அழைத்துச் செல்வது எப்படி?

ஜெர்மனியில் வேலை உறுதியாகி, விசா கையில் வந்து, டிக்கெட்டும் போட்ட பிறகுதான் பலரும் வீட்டு நாயைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்போது எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: இன்னும் நாலைந்து மாதம் ஆகும். காசு கொடுத்தும் இந்தக் காலத்தைக் குறைக்க முடியாது. கடைசியில் நாயை உறவினர் வீட்டிலோ காப்பகத்திலோ விட்டுவிட்டுப் போகிறார்கள். பத்து வயது நாய்க்கு அது பெரிய கொடுமை. வெளிநாடு போகும் எண்ணம் வந்த வாரத்திலேயே கீழே சொல்லும் முதல் இரண்டு வேலைகளை முடித்துவிட்டால் இந்த நிலை வராது. போகவில்லை என்று பிறகு முடிவானாலும் நஷ்டம் ஒரு மைக்ரோசிப்பும் ஓர் ஊசியும்தான்.

ஏன் இவ்வளவு காலம்? ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நாடுகளைப் பட்டியல் போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. ரேபிஸ் பரவலாக இருக்கும் இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய், பூனைகளுக்கு ஊசி போட்ட அட்டை மட்டும் போதாது. ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டும். ரத்தம் எடுத்த பிறகு மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டும். கடித்த நாயின் எச்சில் வழியே வைரஸ் ஏறியிருந்தால், நோய் வெளியே தெரிய வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். அதற்காகத்தான் இந்த மூன்று மாதம்.

எல்லாவற்றுக்கும் முன், நாயின் இனத்தைப் பாருங்கள். பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகிய நான்கையும், இவற்றின் கலப்பினங்களையும் ஜெர்மனிக்குள் கொண்டுவர 2001-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. இது நாடு முழுமைக்கும் பொதுவானது. இதற்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. பவேரியாவில் ராட்வைலர் இரண்டாம் வகைப் பட்டியலில் இருக்கிறது. அதன் குணத்தைச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். மியூனிக்கில் வேலை என்றால் பவேரியாவின் பட்டியலையும், பெர்லினில் வேலை என்றால் பெர்லினின் பட்டியலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஒரு தாளில் "கலப்பினம்", இன்னொரு தாளில் "லாப்ரடார்", மூன்றாவதில் "நாட்டு நாய்" என்று மருத்துவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதிவிடுகிறார்கள். எல்லாத் தாளிலும் இனம், நிறம், பிறந்த தேதி ஒன்றாக இருக்கட்டும்.

வரிசை தவறினால் எல்லாம் முதலிலிருந்து

வரிசை இதுதான்: மைக்ரோசிப், அதன்பின் ரேபிஸ் ஊசி, அதன்பின் ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு, கடைசிப் பத்து நாளுக்குள் அரசுச் சான்றிதழ். இவற்றில் எது முன்பின் ஆனாலும் அதற்குப் பின் செய்ததெல்லாம் செல்லாது. நான்கு வருடமாகத் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்ட நாயாக இருக்கலாம். போன வாரம்தான் சிப் வைத்தீர்கள் என்றால் அந்த நான்கு ஊசிகளும் கணக்கில் வராது. சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாது என்பதுதான் காரணம்.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 15 இலக்க எண்ணோடு இருக்க வேண்டும். 134.2 கிலோஹெர்ட்ஸில் படிக்கும் கருவியில் அது தெரியும். 9 அல்லது 10 இலக்க எண் வந்தால் அது பழைய வகை. அதைப் படிக்கும் கருவியை நீங்களே கொண்டுபோகலாம் என்று விதி சொல்கிறது. இருந்தாலும் புதிய சிப் ஒன்றை வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நிம்மதி. சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமத்தையும் சிப்பையும் கட்டாயமாக்கியிருப்பதால் பல நாய்களுக்கு இப்போதே சிப் இருக்கும். அப்படியானால் மருத்துவரிடம் கருவியை வைத்துப் படித்துப் பார்த்து, எண்ணையும் வைத்த தேதியையும் சான்றாக எழுதி வாங்குங்கள். சிப்பை இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் வைப்பார்கள். சில மாதங்களில் அது தோள்பக்கமாகவோ முன்காலை நோக்கியோ நகரலாம். "சிப் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டும் முன் கழுத்து, தோள், மார்பு எல்லாம் கருவியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களை எறிந்துவிடாதீர்கள். ஆய்வக விண்ணப்பம், ஊசி அட்டை, சான்றிதழ் எல்லாவற்றிலும் எண்ணைக் கையால் எழுதுவதைவிட ஸ்டிக்கர் ஒட்டுவது பாதுகாப்பு. 15 இலக்கத்தில் ஒன்று மாறினாலும் அந்தத் தாள் வேறு நாயின் தாள் ஆகிவிடும்.

ரேபிஸ் ஊசியை, நாய்க்கு 12 வாரம் நிறைந்த பிறகு, சிப் வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போடலாம். ஒரே நாளில் இரண்டும் என்றால் முதலில் சிப்பை வைத்து, எண்ணைப் படித்துவிட்டுத்தான் ஊசி. அட்டையில் மருந்தின் ஸ்டிக்கர், தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, எந்தத் தேதிவரை செல்லும் என்பது, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, கால்நடை மருத்துவக் குழுமப் பதிவு எண் எல்லாம் வேண்டும். நம் ஊர் அட்டைகளில் "அடுத்த ஊசி" என்று மட்டும் தேதி போட்டிருப்பார்கள். "இந்தத் தேதிவரை செல்லும்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குள் அடுத்த ஊசியைப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் புதிய ஊசி "முதல் ஊசி"யாகிவிடும். பழைய ரத்தப் பரிசோதனையும் அதோடு காலாவதி. மூன்று மாதத்தை மறுபடி எண்ண வேண்டியதுதான். பயணத்துக்கு நடுவே தேதி வரும் ஊசியை ஒரு மாதம் முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

டைட்டர் பரிசோதனை

இந்த வேலையில் அதிகம் சிக்குவது இங்கேதான். ரேபிஸ் ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு, அதாவது டைட்டர், ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பரிசோதனையை ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும். பொதுவாக மாதிரிகள் ஐரோப்பிய ஆய்வகங்களுக்கே போகின்றன. மருத்துவர் சொல்லும் ஆய்வகத்தின் பெயர் ஆணையத்தின் இணையப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே ஒரு முறை பார்த்துவிடுங்கள். மனிதர்களுக்கு ரேபிஸ் டைட்டர் பார்க்கும் நல்ல ஆய்வகங்கள் நம் நாட்டில் உண்டு. அந்த முடிவு இதற்குச் செல்லாது.

அனுப்புவது ரத்தமல்ல, சீரம். ரத்தம் எடுத்து உறையவைத்து, சுழற்றிப் பிரித்து, மேலே நிற்கும் தெளிந்த சீரத்தை மட்டும் கசியாத குப்பியில் எடுப்பார்கள். ஒன்றிரண்டு மில்லி போதும். சீரம் சிவப்பாக இருந்தால் ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்ட மாதிரியை ஆய்வகம் நிராகரிக்கலாம். ஊசியை வேகமாக இழுப்பது, பிரிக்காமல் வெயிலில் எடுத்துச் செல்வது, முழு ரத்தத்தை உறைபெட்டியில் வைப்பது ஆகியவற்றால் இது நேரும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் சீரம் பால் போலக் கலங்கும். எனவே முந்தின இரவு உணவோடு நிறுத்திக்கொண்டு காலையில் ரத்தம் எடுங்கள். தண்ணீர் கொடுக்கலாம். குப்பியை ஐஸ் பொதியோடு பேக் செய்து, வெள்ளி, சனியில் அனுப்பாமல் திங்களன்று அனுப்புங்கள். வார இறுதியில் மாதிரி ஏதாவது கிடங்கில் தூங்கிவிடும்.

அளவு 0.5-க்குக் கீழே வந்தால் நாய்க்கு நோய் என்று பயப்பட வேண்டாம். ஒரே ஒரு ஊசி போட்ட நாய்களில் எதிர்ப்புப் பொருள் சில வாரங்களில் உச்சம் தொட்டு விரைவாக இறங்கிவிடும்; ஊசி போட்டு ஐந்தாறு மாதம் கழித்து ரத்தம் எடுத்தால் தோல்வி வர அதுவே போதுமான காரணம். வாழ்க்கையில் முதன்முறை ரேபிஸ் ஊசி போடும் நாய்க்கு, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டு, இரண்டாவதிலிருந்து 30 நாள் தாண்டியதும் தாமதிக்காமல் ரத்தம் எடுப்பதே நல்லது. விதி இதைக் கேட்கவில்லை. ஆனால் ஒரு முறை தோற்றால் மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி மூன்று மாதம். ஓர் ஊசிச் செலவில் அந்த ஆபத்தைக் குறைக்கலாம்.

மூன்று மாதக் கணக்கு ரத்தம் எடுத்த தேதியிலிருந்து தொடங்கும். முடிவு வந்த தேதி இதற்குக் கணக்கில்லை. ஆகவே முடிவு தாமதமானால் பதற வேண்டாம். ஓர் உதாரணம்: ஜனவரி 5-ல் சிப்பும் முதல் ஊசியும். பிப்ரவரி 2-ல் இரண்டாம் ஊசி. மார்ச் 6-ல் ரத்தம். ஜூன் 6-க்குப் பிறகுதான் நாய் ஐரோப்பாவுக்குள் கால் வைக்கலாம். கடைசி நாளை ஒட்டி டிக்கெட் போடாமல் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.

இதே கணக்கைக் குட்டிக்குப் போட்டுப் பார்த்தால், 12 வாரத்தில் ஊசி, பிறகு 30 நாள், பிறகு மூன்று மாதம் என்று ஏழு மாத வயது நெருங்கும். அதற்குக் குறைந்த குட்டியை இந்தியாவிலிருந்து சட்டப்படி கொண்டுபோக முடியாது. "இரண்டு மாதக் குட்டிக்குக்கூட எல்லாம் செய்து தருகிறோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். பொய்த் தாளோடு இறங்கும் நாயைத் திருப்பி அனுப்புவதும், தனிமையில் அடைப்பதும் உங்கள் செலவில்தான். வேறு வழியே இல்லாவிட்டால் அதைக் கருணைக்கொலை செய்யவும் அவர்கள் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கேபினா, அடித்தளமா, சரக்கா?

நாய் மூன்று விதமாகப் பறக்கலாம்: உங்களோடு கேபினில், நீங்கள் போகும் விமானத்திலேயே அடித்தளத்தில் லக்கேஜாக, அல்லது தனிச் சரக்காக. கேபினில் போக உடல் எடையைத்தான் முதலில் பார்ப்பார்கள். லுஃப்தான்சா நிறுவனத்தில் பையோடு சேர்த்து 8 கிலோ, பையின் அளவு 55 × 40 × 23 செ.மீ. அதற்குள் அடங்குவது சிறு நாயும் பூனையும்தான். எல்லா நிறுவனங்களும் இதை அனுமதிப்பதில்லை; துபாய் வழியாகச் செல்லும் எமிரேட்ஸில் நாய்க்குக் கேபின் கிடையாது.

அடித்தளம் என்றதும் பலர் கலங்குகிறார்கள். உயிருள்ள விலங்குகளை ஏற்றும் அறையில் காற்றழுத்தம் கேபினில் இருப்பதுபோலவே இருக்கும், வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். எந்த அறையில் விலங்கு இருக்கிறது என்று விமானிக்கு எழுத்தில் தகவல் போகும். உண்மையான ஆபத்து வானத்தில் இல்லை. ஓடுதளத்தின் வெயிலில் கூண்டு காத்திருக்கும் நேரமும், இடையில் விமானம் மாறும் நேரமும்தான் ஆபத்து. அதனால்தான் சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேர் விமானத்தை எடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். ஐரோப்பா விமானங்கள் சென்னையிலிருந்து பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ கிளம்புவது நாய்க்கு நல்லது. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் விமானத்தை எடுக்கவே வேண்டாம்.

ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்று கணக்கு உண்டு. முதலில் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து நாய்க்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு உங்கள் டிக்கெட்டைப் போடுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் டிக்கெட்டை மாற்றி அபராதம் கட்டுகிறார்கள்.

பக், பாக்ஸர், ஷிட்ஸு, புல்டாக், பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பல நிறுவனங்கள் அடித்தளத்தில் ஏற்றுவதே இல்லை. நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. இந்த இனங்களுக்கு மூக்குத்துளையும் தொண்டையும் குறுகலாக இருப்பதால் பதற்றத்திலும் வெக்கையிலும் மூச்சுத் திணறிவிடும். எடை கேபினுக்குள் அடங்காத பாக்ஸரோ புல்டாகோ வளர்க்கிறவர்கள் இதைத் தீர விசாரித்த பிறகே மற்ற செலவுகளைச் செய்யுங்கள்.

தனிச் சரக்காக அனுப்பினால் ஷிப்பிங் பில், சுங்க முகவர், மீனம்பாக்கம் சரக்கு முனையம் என்று வேலை கூடும். கட்டணமும் பல மடங்கு. எடைக்குக் கணக்குப் போடும்போது கூண்டின் நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 122 × 81 × 89 செ.மீ. கூண்டு என்றால் 147 கிலோ வருகிறது. உள்ளே 28 கிலோ நாய்தான் இருந்தாலும் கட்டணம் 147 கிலோவுக்கு. இன்னொன்று: நாய் எந்த வழியில் போனாலும் உங்கள் பயணத்துக்கு ஐந்து நாள் முன்னோ பின்னோதான் போக வேண்டும். அதைத் தாண்டினால் வணிகத்துக்கான ஏற்றுமதி விதிகள் வந்துவிடும், தாள்களே வேறு.

கூண்டு

நாயை நிற்கவைத்து நான்கு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஒன்று. தரையிலிருந்து முன்காலின் முழங்கை மூட்டுவரை இரண்டு. தோள்களின் அகலம் மூன்று. தரையிலிருந்து தலை உச்சிவரை, காது விறைத்து நிற்கும் நாயென்றால் காது நுனிவரை, நான்கு. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி கூண்டின் நீளம் முதல் அளவோடு இரண்டாவதில் பாதி. அகலம் மூன்றாவதைப்போல் இரு மடங்கு. உயரம் நான்காவதோடு விரிப்பின் கனம். சப்பை மூக்கு இனத்துக்கு இதிலும் பத்து சதவீதம் கூட்ட வேண்டும்.

ஒரு சிப்பிப்பாறை நாய்க்கு 85, 35, 20, 80 செ.மீ. என்று அளவு வந்தால், நீளம் 102.5, அகலம் 40, உயரம் விரிப்போடு 83 வேண்டும். நீளத்தை மட்டும் பார்த்து 500 எண் கூண்டு (102 × 69 × 76) போதும் என்று வாங்கிவிடுவார்கள். உயரம் போதாது, செக்-இன் கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நெட்டைக் கால் நாய்களுக்கு உயரம்தான் கூண்டின் எண்ணைத் தீர்மானிக்கும். இந்த நாய்க்கு 700 எண் கூண்டுதான் (122 × 81 × 89) வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: 737 வகைச் சிறிய விமானத்தின் சரக்குக் கதவு வழியாக 700 எண் கூண்டு நுழையாது. மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ உள்நாட்டு விமானத்தில் சென்னைக்கு வந்து ஏறலாம் என்று திட்டமிடுகிறவர்கள், சென்னைவரை காரிலேயே வந்துவிடுங்கள்.

கூண்டு கெட்டியான பிளாஸ்டிக்காகவும் கதவு உலோகக் கம்பியாகவும் இருக்க வேண்டும். நான்கு பக்கமும் காற்றுத் துளை வேண்டும். மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்கப் பிளாஸ்டிக் கிளிப்போடு விற்பார்கள். அதைக் கழற்றிவிட்டு எல்லாத் துளையிலும் உலோக போல்ட், நட்டு போடுங்கள். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். மடித்து வைக்கும் கம்பிக் கூண்டை ஏற்கவே மாட்டார்கள். கதவின் உட்புறம் இரண்டு கிண்ணங்களைப் பொருத்துங்கள். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்ற முடிகிற மாதிரி இருக்கட்டும். மேலேயும் பக்கங்களிலும் உயிருள்ள விலங்கு என்ற பச்சை ஸ்டிக்கரும், மேல்பக்கம் காட்டும் அம்புக்குறியும் வேண்டும். உங்கள் பெயர், இந்தியத் தொலைபேசி எண், ஜெர்மனி முகவரி, நாயின் பெயர், கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாம் எழுதி ஒட்டுங்கள். நாயின் பெயரை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதினால் பிராங்பர்ட்டில் கூண்டைத் தூக்குகிறவர் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அது சின்ன விஷயமல்ல.

பழக்குவதற்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் கதவைக் கழற்றி வைத்து, சாப்பாட்டை உள்ளேயே வையுங்கள். அது தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பிறகுதான் கதவு. சாத்தும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி இரண்டு வாரம் இரவு முழுக்க உள்ளே தூங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாள் கூண்டோடு வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றி வாருங்கள். இந்தப் பழக்கம் இருந்தால் தூக்க மாத்திரை பற்றிய பேச்சே எழாது. தூக்க மருந்து கொடுத்த நாயை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடம்பு தன் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனையும் கெடுத்துவிடுகிறது. கூண்டு சாயும்போது கால் ஊன்றி நிற்கவும் முடியாது. யாராவது "பாதி மாத்திரை கொடுத்தால் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

கடைசிப் பத்து நாள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் விலங்கு நலச் சான்றிதழ் அரசு மருத்துவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் நாய் ஐரோப்பாவில் இறங்கிவிட வேண்டும். இந்தியாவில் இதை வழங்கும் அதிகாரம் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு அலுவலகத்துக்குத்தான். எல்லோரும் ஏக்யூசிஎஸ் என்பார்கள். தென்மண்டல அலுவலகம் சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது. தனியார் மருத்துவர் கொடுக்கும் உடல்நலச் சான்று இங்கே காட்டத்தான் உதவும். அதை மட்டும் வைத்துக்கொண்டு பிராங்பர்ட்டில் இறங்க முடியாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை: உங்கள் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்கள், ஊசி அட்டையின் அசலும் நகலும், டைட்டர் அறிக்கை, சிப் சான்று, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று, நாயின் புகைப்படம், கூடவே நாய். சான்றிதழ்ப் படிவம் எந்த மொழியில் என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்குள் முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் ஆங்கிலத்திலும் அது இருக்க வேண்டும். பிராங்பர்ட் என்றால் ஜெர்மன். பாரிஸில் இறங்கி விமானம் மாறுகிறீர்கள் என்றால் பிரெஞ்சு. டிக்கெட்டை மாற்றினால் படிவத்தையும் மாற்றியாக வேண்டும். வணிகத்துக்காக அல்ல என்று உரிமையாளர் கையெழுத்திடும் அறிவிப்பும் படிவத்தோடு சேர்ந்தது.

பயணத்துக்கு நான்கைந்து நாள் முன்பு போங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாங்க ஒரு நாளாவது மிஞ்சும். அரசு விடுமுறை, சனி, ஞாயிறு எல்லாம் பார்த்து நாள் குறியுங்கள். பொங்கல் வாரத்திலும் தீபாவளியை ஒட்டியும் பயணம் என்றால் அந்தப் பத்து நாளில் அலுவலகம் திறந்திருப்பது சில நாள்தான். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று சிப் எண்ணை ஓர் இலக்கம் விடாமல் வாசித்துப் பாருங்கள். ஊசித் தேதி, ரத்தம் எடுத்த தேதி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, எல்லாம்.

இதே வாரத்தில் உண்ணிக்கு மருந்து போடுங்கள். ஜெர்மனி இதைக் கேட்கவில்லை, ஆனால் நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் உள்ளே பதுங்கியிருந்து பயண அலுப்பில் வெளிப்படுவது உண்டு. ஒரு மாதம் முன்பே ரத்தம் பார்த்து எர்லிக்கியா, பபேசியா என்ற உண்ணி வழிக் கிருமிகள் இருந்தால் சிகிச்சை முடித்துக்கொள்வது நல்லது. நாடாப்புழு மருந்து ஜெர்மனிக்குக் கட்டாயமில்லை. பின்லாந்து, அயர்லாந்து, மால்டா, நார்வே, பிரிட்டன் போகிறவர்களுக்கு மட்டும் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்குள் மருத்துவர் கையால் கொடுத்துப் பதிய வேண்டும்.

பயண நாளில்

விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பு வழக்கமான உணவில் பாதி கொடுங்கள். தயிர்சாதம் தின்று பழகிய நாய்க்குத் தயிர்சாதம்தான். அன்று போய்ப் புதிய உணவு எதையும் முயல வேண்டாம். தண்ணீரை நிறுத்தாதீர்கள். கூண்டின் ஒரு கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். ஏற்றும்போது சிந்தாது, வானில் மெல்ல உருகும். தரையில் உறிஞ்சும் விரிப்பும், அதன்மேல் நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத லுங்கியோ புடவையோ போடுங்கள். உங்கள் வாசனைதான் அதற்கு அங்கே இருக்கும் ஒரே ஆறுதல். பொம்மை, எலும்பு, கழுத்துச் சங்கிலி, வாய்மூடி எதுவும் உள்ளே வேண்டாம். சங்கிலி கதவுக் கம்பியில் மாட்டினால் கழுத்து நெரிபடும்.

விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் நாயை வெளியே எடுத்து, வெறும் கூண்டை எக்ஸ்ரேயில் அனுப்புவார்கள். நாய்கள் தப்பி ஓடுவது அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல் உடல்பட்டையும் போட்டு, இரண்டிலும் கயிறு மாட்டி, ஒருவர் பிடித்துக்கொண்டே இருங்கள். சோதனை முடிந்து உள்ளே விட்டதும் பட்டைகளைக் கழற்றிவிட்டு, கதவின் நான்கு மூலையிலும் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பத்துப் பன்னிரண்டு டை கையில் இருக்கட்டும். வழியில் அதிகாரிகள் வெட்டித் திறந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும். கத்தரிக்கோலை உங்கள் செக்-இன் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள். அசல் தாள்கள் உங்கள் கைப்பையில், ஒரு செட் நகல் பிளாஸ்டிக் உறையில் கூண்டின் மேல்.

பிராங்பர்ட்டில் இறங்கியதும் பெரிய அளவுச் சாமான்கள் வரும் இடத்தில் கூண்டு வரும். தாள்களோடு சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் நீங்களாகச் சொல்லுங்கள். பச்சை வழியில் நடந்துவிட்டால், தாளெல்லாம் சரியாக இருந்தாலும் அது விதிமீறல். சிப்பைப் படிப்பார்கள், அட்டையையும் அறிக்கையையும் பார்ப்பார்கள், முத்திரை வைப்பார்கள். அந்த முத்திரைதான் பிறகு ஐரோப்பிய நாடுகளுக்குள் நாய் பயணிக்க ஆதாரம்; கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனிச் சரக்காக வரும் நாய் அந்த நிலையத்தின் விலங்கு மையத்துக்குப் போகும். நீங்கள் அங்கே சென்று அழைத்துக்கொள்ள வேண்டும்.

நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் கவலை வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் போனாலோ, ஈறு வெளுத்தாலோ, மூச்சு வேகமானாலோ மருத்துவரிடம் காட்டி, இந்தியாவிலிருந்து வந்த நாய் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலை அவர்கள் நினைத்துப் பார்க்க அது உதவும். குளிர்காலத்தில் இறங்கினால் சிப்பிப்பாறை, கன்னி போன்ற மெல்லிய தோல் நாய்க்கு மேற்கோட்டு அவசியம்.

வீட்டு ஒப்பந்தத்தில் நாய்க்கு அனுமதி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். நகராட்சியில் பதிந்து நாய் வரி கட்ட வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. நாய் யாரையாவது கடித்தாலோ சைக்கிளில் போகிறவரை விழவைத்தாலோ ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு பெர்லின், ஹாம்பர்க் போன்ற இடங்களில் கட்டாயம். மற்ற இடங்களிலும் எடுத்துவிடுங்கள்.

வேறு நாடு என்றால்

பிரிட்டனுக்கும் டைட்டரும் மூன்று மாதமும் இதேதான். ஆனால் உதவி நாய்களைத் தவிர எந்தச் செல்லப்பிராணியும் கேபினிலோ லக்கேஜாகவோ விமானத்தில் பிரிட்டனுக்குள் வர முடியாது, தனிச் சரக்குதான். அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் விதிகளை மாற்றியது. இந்தியா அங்கே ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடு. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும், அரசு மருத்துவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட விலங்குப் பராமரிப்பு மையத்தில் முன்பதிவு வேண்டும். அந்த மையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்க முடியும். செல்லுபடியான டைட்டர் இல்லாவிட்டால் 28 நாள் தனிமை. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோக வழியே இல்லை. அங்கீகாரம் பெற்ற மூன்றாவது நாட்டில் தங்கவைத்துத்தான் போக வேண்டும். சிங்கப்பூரில் வீவக வீடு (அரசு கட்டித் தரும் அடுக்குமாடி வீடு) என்றால் ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனம்தான்; பூனை 2024 செப்டம்பர் முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பச்சைக்கிளியைப் பற்றியும் கேட்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நாடு கடத்துவது பற்றிப் பேச்சே இல்லை.

விடுமுறைக்கு நாயோடு ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால், ஜெர்மனியில் குடியேறிய கொஞ்ச நாளிலேயே உள்ளூர் மருத்துவரிடம் ஐரோப்பியச் செல்லப்பிராணி பாஸ்போர்ட் எடுத்து, டைட்டர் முடிவையும் அதில் பதியச் சொல்லுங்கள். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் முன்பே டைட்டர் செய்து பாஸ்போர்ட்டில் பதிந்த நாய்க்கு, திரும்பிவரும்போது மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. ரேபிஸ் ஊசி மட்டும் நடுவில் விட்டுப்போகக் கூடாது. இந்தியாவுக்குள் நுழைய ஏக்யூசிஎஸ் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை விமானம் ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டும்.